நீதிமன்றத்துக்கு ஒரு நீளப் பாவாடை

அசஹேல் தேயரின் குதிரைவண்டி எங்கள் வாசலில் வந்து நின்றபோது நான் என் தங்கையின் கால்சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அதை ஒளித்து வைப்பதற்குள் ஆள் உள்ளே வந்துவிட்டான். பிப்ரவரிச் சேற்றைக் கதவோரம் தட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மரியாதையாகத்தான் வந்தான். அவனிடம் எனக்கு எரிச்சலே அதுதான். அவன் கத்தினால் நானும் கத்தலாம்.

என் தங்கை லொவைசாவின் புருஷன் ஜோத்தமுக்கு இவன் தம்பி. ஜோத்தம் போன ஆகஸ்டில் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் தையல்காரியான நான், எனக்கென்று ஒரு குடும்பம் இல்லாதவள், என் கத்தரிக்கோலையும் இஸ்திரிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டோடு வந்து சேர்ந்தேன்.

லொவைசா சமையலறையிலிருந்து சோளமாவுக் கையோடு வந்தாள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பாவாடை, அதற்குக் கீழே கணுக்காலில் சேர்த்துக் கட்டிய கால்சட்டை. மூன்று வருடமாக அவளுக்கு இதுதான் உடுப்பு. அசஹேல் கண்ணை அவள் முகத்தை விட்டுக் கீழே இறக்கவில்லை. பழகியவன்.

“அண்ணி, நேராவே சொல்லிடறேன். கோர்ட்டுல மனு குடுத்திருக்கேன். ஆர்ஃபாவுக்கு நான் கார்டியனா இருக்கணும்னு.”

“அவளுக்கு நான் இருக்கேன்,” என்றாள் லொவைசா.

“அம்மாவா இருக்கீங்க. சட்டம் அப்படிப் பாக்கலையே. அண்ணன் உயில் எழுதல. நிலம் பொண்ணு பேர்ல. யாரு பொறுப்புன்னு ஜட்ஜ்தான் சொல்லணும்.”

“அதாவது ஒன்பது மாசம் சுமந்து பெத்தவ ஜட்ஜுகிட்ட போய்க் கேட்டு வாங்கணும். இதத்தானே தம்பி நான் ஊர் ஊரா மேடை ஏறிப் பேசறேன்?”

“ஊர் ஊரா போறீங்கல்ல, அதுவும் மனுவுல இருக்கு,” என்றான் அவன், வருத்தமாகவே. “எனக்கு உங்கமேல கோபம் கெடையாது அண்ணி. கொழந்த தெருவுல நடந்தா பசங்க விசிலடிக்கறாங்க. அது எனக்குத் தாங்கல. மார்ச் பதினாலு வந்தா அவளுக்குப் பதினாலு வயசு முடியுது. அப்புறம் கோர்ட்டுல அவளே சொல்லலாம், யாருகூட இருக்கணும்னு. அவ உங்களச் சொன்னா நான் தொப்பியப் போட்டுக்கிட்டுப் போயிடறேன். சத்தியமா.”

அவன் வண்டி திரும்பிப் போகும் வரைக்கும் நான் ஊசியைக் கீழே வைக்கவில்லை. லொவைசா சிரித்தாள்.

“பாத்தியாக்கா? அவனே வழி விட்டுட்டான். ஆர்ஃபா என் பொண்ணு. என்ன விட்டு எங்க போவா?”

அவள் பார்க்காததை நான் பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும்போது லொவைசா முன்னால் விறுவிறு என்று நடப்பாள். அவள் நடைக்கு யாரும் ஈடு கொடுக்க முடியாது, அந்த உடுப்பில் அந்த ஒரு சௌகரியத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நடுவில் போவேன். ஆர்ஃபா கடைசியில். முதலில் ஐந்தடி பின்னால் வந்தாள். பனி விழத் தொடங்கியதும் அது பத்தடி ஆயிற்று. இப்போது இருபது. யாராவது எதிரே வந்தால் நின்று பூட்ஸ் கயிற்றைக் கட்டுவாள். அவிழாத கயிற்றை எத்தனை முறைதான் கட்டுவாள் ஒரு பெண்?

ஒரு நாள் பள்ளியிலிருந்து சட்டைக் கை கிழிந்து வந்தாள்.

“என்னடி இது?”

“விழுந்துட்டேன் பெரியம்மா.”

“விழுந்தா முழங்கை கிழியும். இது தோள்ல கிழிஞ்சிருக்கு. யாரு இழுத்தா?”

“விழுந்துட்டேன்னு சொல்றேன்ல.”

தைத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? அம்மாவிடம் சொல்லாதே என்று அவள் சொல்லவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

லொவைசாவைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அவள் பெண்ணின்மேல் உயிரையே வைத்திருந்தாள். அவளுடைய சண்டையெல்லாம் அதற்காகத்தான் என்று அவள் நம்பினாள். விதவைக்குப் பிள்ளைமேல் உரிமை வேண்டும் என்று மாகாணத் தலைநகரான ஆல்பனியின் சட்டசபைக்கு மனு எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். மேடையில் பேசும்போது மளிகைக் கடைத் தராசு ஒன்றை வரவழைத்து, ஒரு சீமாட்டி உடுத்தும் ஆறு உள்பாவாடையையும் ஒவ்வொன்றாகத் தட்டில் போடுவாள். பதினான்கு ராத்தல் நிற்கும். “இத இடுப்புல கட்டிக்கிட்டு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு, விளக்கையும் புடிச்சுக்கிட்டு மாடிப்படி ஏறுங்க பாப்போம், கனவான்களே!” என்பாள். பெண்கள் கை தட்டுவார்கள். பின்வரிசைப் பயல்கள் முட்டை எறிவார்கள். முட்டைக் கறையை எடுப்பவள் நான்.

அந்தக் குட்டைப் பாவாடையை வெட்டித் தைத்ததும் நான்தான். முணுமுணுத்துக்கொண்டே தைத்தேன். காற்றில் தூக்காமல் இருக்க விளிம்புக்குள் ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்தேன். தையல் சுத்தமாக இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை என் தங்கை உடுத்திக்கொண்டு தெருவில் போவதில்தான் சந்தேகம்.

மார்ச் இருபதாம் தேதி விசாரணை என்று காகிதம் வந்தது. அதில் இன்னொரு வரி இருந்தது. பிள்ளை தேர்ந்தெடுக்கும் ஆள் தகுதி இல்லாதவர் என்று தோன்றினால் நீதிபதி மறுக்கலாம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பிள்ளை மறுத்தாலும் போச்சு, நீதிபதி மறுத்தாலும் போச்சு. இரண்டு கதவையும் ஒரே சாவியால் திறக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை. நான் பெட்டியிலிருந்து பன்னிரண்டு கஜம் சாம்பல் நிறக் கம்பளித் துணியை எடுத்தேன். தைக்கக் கொடுத்த வேறு ஒருத்திக்காக வைத்திருந்த துணி.

“லொவைசா, ஒரே ஒரு நாள். கோர்ட்டுக்கு மட்டும் நீளப் பாவாடை கட்டிக்க.”

“முடியாது.”

“ஒரு நாள்டி!”

“அக்கா, நான் மேடையில எத சொல்றேனோ அதத்தான் உடுத்தியிருக்கேன். ஜட்ஜ் முன்னாடி வேற ஆளா போய் நின்னா, நான் சொன்ன அத்தனையும் பொய்யின்னு நானே சொன்ன மாதிரி.”

“பொண்ணு போனதுக்கப்புறம் மெய்ய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? ஊறுகா போடுவியா?”

அவள் விறகு எடுக்கப் போய்விட்டாள். நான் துணியை மடித்து வைத்தேன். மறுபடி விரித்தேன். தங்கையின் அளவு எனக்கு மனப்பாடம். கேட்காமலே வெட்டினேன்.

பதினாலாம் தேதி ஆர்ஃபாவின் பிறந்தநாள். உலர்ந்த ஆப்பிளை மாவுக்குள் வைத்து லொவைசா ‘பை’ பலகாரம் சுட்டாள், புதுசாகக் காய்ச்சிய மேப்பிள் பாகு ஊற்றினாள். அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது. ஆர்ஃபா இரண்டு துண்டு தின்றாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“சித்தப்பா வீட்ல எனக்குன்னு தனி ரூம் இருக்காம்மா?”

லொவைசாவின் கரண்டி நின்றது. “இருக்கும்,” என்றாள். “தோட்டத்துப் பக்கம். ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது லொவைசா ஒரு தட்டை மூன்று முறை கழுவினாள். பிறகு ஈரக் கையோடு என் முன்னால் வந்து நின்றாள். அவள் மேடையில் நிற்கும்போதுகூட நான் அவ்வளவு வெளுத்த முகத்தைப் பார்த்ததில்லை.

“தச்சுட்ட இல்ல?”

“விளிம்பு மட்டும் பாக்கி.”

“தரையத் தொடற மாதிரியே தையி. அரைகுறையா வேண்டாம்.”

நான் ஜெயித்தேன். அதில் எனக்குச் சந்தோஷம் என்றும் சொல்ல வேண்டும், பொய் எதற்கு.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் நீதிபதியின் உத்தரவுப்படி ஆர்ஃபாவைப் போதகர் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். இரு பக்கமும் பிள்ளையின் மனத்தைக் கலைக்கக் கூடாதாம். அந்த இரண்டு நாளும் லொவைசா கூடத்தில் நீளப் பாவாடையோடு நடந்து பழகினாள். நாற்காலிக் காலில் சிக்கினாள். அடுப்புத் தட்டைத் தட்டிவிட்டாள். “எப்படி நடந்தேன் இதோட முப்பது வருஷம்?” என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டாள். நான் விளிம்பில் இரண்டு இடத்தில் தையல் விட்டுப் போனதைச் சரி செய்தேன்.

விசாரணை மாவட்ட நீதிமன்றத்தின் மாடி அறையில். இருபது பேர் இருக்க வேண்டிய இடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். கால்சட்டைக்காரியைப் பார்க்க வந்த கூட்டம். என் தங்கை ஆறு உள்பாவாடையும் சாம்பல் கம்பளியும் தலையில் பானெட் தொப்பியுமாக உள்ளே நுழைந்ததும் அத்தனை பேர் முகத்திலும் ஏமாற்றம். கூத்து பார்க்க வந்தவனுக்குக் கூத்து ரத்தானால் எப்படி இருக்கும், அப்படி. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நான் அப்போதுதான் ஆர்ஃபாவைப் பார்த்தேன்.

போதகரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். முதலில் யார் என்றே தெரியாதவள்போலப் பார்த்தாள். பிறகு முகம் சிவந்தது. சந்தோஷத்தில் சிவக்கும் முகம் எனக்குத் தெரியும். இது அது இல்லை.

நீதிபதி ஹஸ்கல் கிழவர், காது கொஞ்சம் மந்தம், மனுஷன் மோசம் இல்லை. அசஹேலின் வக்கீல் லுட்லோதான் பேச ஆரம்பித்தான். அந்தம்மாள் தகுதியில்லாதவள் என்று நிரூபிக்க ஒரு கத்தைக் காகிதம் வைத்திருந்தான். அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கீழே போட்டான்.

“யுவர் ஆனர், இந்தம்மா இன்னிக்கு உடுத்தியிருக்கறதப் பாருங்க. ஒழுங்கான உடுப்பு எதுன்னு இவங்களுக்கு நல்லாவே தெரியுது. தெரிஞ்சுதான் மூணு வருஷமா வேணும்னே அந்தக் கோலத்துல திரிஞ்சிருக்காங்க. தெரியாமப் பண்ணினா பைத்தியம்னு விட்டுடலாம். தெரிஞ்சு பண்ணினா?”

நான் தைத்ததை எடுத்து அவன் எங்களையே அடிக்கிறான். லொவைசா எழுந்தாள்.

“நான் திரியல ஐயா. வேலை பாத்தேன். தண்ணி எடுத்தேன், விறகு வெட்டினேன், சாகக் கெடந்த புருஷன மாடிக்கும் கீழுக்கும் தூக்கினேன். இந்த உடுப்போட அதுல ஒண்ணும் முடியாது.”

“அப்போ இன்னிக்கு ஏன் இத உடுத்தினீங்க?”

அவள் வாயைத் திறந்தாள். மூன்று ஊர்களில் ஆயிரம் பேர் முன்னால் பேசியவள், வாயைத் திறந்து மூடினாள். கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். நீதிபதி சுத்தியலைத் தட்டிவிட்டு, “போதும். பிள்ளை பேசட்டும்,” என்றார்.

ஆர்ஃபா எழுந்து நின்றாள். நீதிபதி அவள் பக்கம் சாய்ந்து காதோரம் கையைக் குவித்தார்.

“பயப்படாதம்மா. உனக்குப் பதினாலு ஆச்சு. யாரு கூட இருக்க விரும்பற, சொல்லு.”

“அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு.”

அவள் நீதிபதிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். கூட்டம் இருப்பதையே மறந்துவிட்டாள் போல.

“போன வருஷம் ஸ்கூல்ல எல்லாரும் மேடையேறி ஒப்பிக்கற நாள். அப்பா, நீ, ஊர்ல எல்லாரும் வர்றீங்க. ஒரே ஒரு நாள் நீளப் பாவாட கட்டிட்டு வாம்மான்னு கேட்டேன். அது பொய் வேஷம், என்னால முடியாதுன்ன. சரி, நெஜமாவே முடியாது போலன்னு நெனச்சேன். அன்னிக்கு மேடையில ஏறி ஒரு வரிகூட ஞாபகம் வராம நின்னேன். அப்பவும் உன்னோட நியாயம் பெரிசுன்னுதான் நெனச்சேன். உன்னத் திட்டினவங்களோட அடிச்சுக்கிட்டேன். சட்டை கிழிஞ்சுது. இப்ப ஜட்ஜுக்காகக் கட்டிட்டு வந்திருக்க. எனக்காக ஏம்மா கட்டல?”

நான் யாரைத் தக்கவைத்துக்கொள்ள அந்தத் துணியை வெட்டினேனோ அந்த ஆளையே அல்லவா குத்திவிட்டேன். நீதிபதிக்கு அளவெடுத்தேன், பிள்ளையை மறந்துவிட்டேன்.

“ஜட்ஜுக்காக இல்லடி,” என்றாள் லொவைசா. “உன்னப் பறிகொடுத்துருவேன்னு பயந்து கட்டினேன். அன்னிக்கு அந்தப் பயம் இல்ல. நீ எங்கயும் போகமாட்டேன்னு இருந்துட்டேன். தப்புதான். என் பக்கம் நியாயம் இருக்குன்னு உன் பக்கம் பாக்காம விட்டுட்டேன்.”

“நாளைக்கும் கட்டுவியா?”

கட்டுவேன் என்று சொல்லித் தொலையேன், என்று நான் மனசுக்குள் கத்தினேன். லொவைசா குனிந்து பாவாடை விளிம்பைப் பார்த்தாள்.

“நீ கேட்டா கட்டுவேன். உனக்கு இருபத்தொண்ணு ஆகற வரைக்கும் கட்டச் சொன்னாலும் கட்டுவேன். ஆனா பிடிச்சுக் கட்டறேன்னு மட்டும் நெனச்சுக்காத. தெனமும் வெறுத்துக்கிட்டேதான் கட்டுவேன். அத உன்கிட்ட மறைக்க எனக்கு வராது.”

ஆர்ஃபாவின் உதடு கோணியது. அழப் போகிறாளா, சிரிக்கப் போகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் செய்தாள்.

“வேண்டாம்மா. நீ பழசையே போட்டுக்க. எனக்காகவும் கட்டுவியான்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.” மூக்கைத் துடைத்துக்கொண்டு நீதிபதியிடம் திரும்பினாள். “நான் அம்மாகிட்டயே இருக்கேன்.”

அசஹேல் எழுந்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. “நான் வாக்குக் குடுத்திருக்கேன் ஐயா. மனுவ வாபஸ் வாங்கிக்கறேன்,” என்றான். லுட்லோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான், அவன் உட்காரவில்லை. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அந்த மனுஷனைக் கட்டிப் பிடித்திருப்பேன்.

ஆனால் நீதிபதி ஹஸ்கல் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அவர் கிழவர், நல்லவர், நியாயமாக நடக்க வேண்டும் என்று நினைப்பவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் பயப்பட வேண்டும்.

“பிள்ளை சொன்னத நான் ஏத்துக்கறேன்,” என்றார். “வக்கீல் சொன்னதுலயும் ஒரு விஷயம் இருக்கு. இந்தம்மாவுக்கு மரியாதையா உடுத்தத் தெரியும். இன்னிக்கு நம்ம கண்ணாலயே பாத்தோம். தெரியாதவங்கள நான் வற்புறுத்த முடியாது. தெரிஞ்சவங்கள வற்புறுத்தறதுல தப்பில்ல. அதனால உத்தரவுல எழுதறேன். மிஸஸ் தேயர் இன்னிக்கு இந்தக் கோர்ட்டுல உடுத்தியிருக்கற விதமாவே எப்பவும் உடுத்தணும். அந்த நிபந்தனைமேலதான் அவங்க கார்டியன். மீறினா பிள்ளை சித்தப்பாகிட்ட போகணும். பிள்ளைக்கு இருபத்தொண்ணு ஆகற வரைக்கும்.”

“ஐயா, நான் வேண்டாம்னு சொன்னேனே!” என்று ஆர்ஃபா கத்தினாள். “பழசையே போட்டுக்கன்னு சொன்னேனே!”

“கேட்டுதும்மா,” என்றார் அந்த மந்தக் காதுக்காரர், அன்பாக. “அதெல்லாம் பெரியவங்க பாத்துப்பாங்க.” கையெழுத்துப் போட்டு மை உலர மணல் தூவினார்.

ஏழு வருடம். பன்னிரண்டு கஜத் துணியில் நான்கு நாளில் அவளுக்கு நான் தைத்துக் கொடுத்த தண்டனை. கால்சட்டையோடு வந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ, எனக்குத் தெரியாது. பெண்ணையே பறித்திருக்கலாம். அப்படித்தான் இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அதில் பாதி நாள் நம்பிக்கை வருகிறது. அன்றைக்குக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு லொவைசாவிடம் போய், “மன்னிச்சிடுடி,” என்றேன். அவள் என் தோளைத் தட்டினாள், ஏதோ எனக்குத்தான் துக்கம் என்பதுபோல.

வெளியே பனி உருகி நீதிமன்றப் படிகளில் வழிந்து, கீழே தெரு முழுக்கச் சேறாக இருந்தது. லொவைசா இரண்டு கையாலும் பாவாடையை அள்ளித் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஆர்ஃபா அவளுக்கு ஒரு படி முன்னால். கடைசிப் படியில் பெண் நின்று, திரும்பி, கையை நீட்டினாள். எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் பூட்ஸ் கயிற்றைக் கட்டவில்லை. கையை நீட்டியபடியே நின்றாள்.

லொவைசா அந்தக் கையைப் பார்த்தாள். தன் இரண்டு கையையும் பார்த்தாள். இரண்டிலும் துணி.

பிடியை விட்டாள். சாம்பல் கம்பளியும் அதற்கு அடியில் இருந்த ஆறு உள்பாவாடையும் சேற்றில் விழுந்து அதை அப்படியே குடித்தன. ஆர்ஃபா, “அம்மா, பாவாட!” என்றாள். “கெடக்கட்டும், வா,” என்று லொவைசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருவரும் தெரு நடுவில் நடந்தார்கள், துணி பின்னால் சேற்றை இழுத்துக்கொண்டே போயிற்று. அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது என்று எனக்குத் தெரியும். நானும் சேற்றில் இறங்கி அவர்கள் பின்னால் நடந்தேன்.